இளவேனிலில் உதகை

சித்திரை பிறந்துவிட்டால் நம்மைத் தொலைபேசியில் அழைக்கும் நண்பர்களில் பாதிப்பேர் ஒரே வினாவைத்தான் கேட்கிறார்கள். "உதகையில் இப்போது குளிர் எப்படி? கூட்டம் எப்படி?" மலையடிவாரத்தில் தமிழ் கற்பிக்கிறோம் என்பதைத் தவிர இதற்கு விடை சொல்ல நமக்கு வேறு தகுதி கிடையாது. ஆயினும் ஆண்டுதோறும் தனித்தனியே சொல்வதைவிட ஒருமுறை எழுதிவிடுவது நல்லதென்று தோன்றுகிறது.

முதலில் குளிர். ஏப்ரல், மே மாதங்களில் உதகையின் பகல் வெப்பம் ஏறத்தாழ 22, 23 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். கோவையின் 36 டிகிரியிலிருந்து ஏறிச் செல்பவருக்கு அது பெரும்பேறுதான்; ஆனால் அதைக் குளிர் என்று சொல்லலாகாது. 2024 ஏப்ரல் இறுதியில் அங்கேயே வெயில் 29 டிகிரியைத் தொட்டது. பிற்பகலில் இடியோடு கூடிய கோடைமழை திடீரென இறங்குவதும் இப்பருவத்தின் இயல்பே. கம்பளிச் சட்டையை மறவாமல் எடுத்து வருவோர் குடையை மறந்து வருவதை ஆண்டுதோறும் காண்கிறோம்.

கூட்டத்தைப் பற்றிக் கேட்டறிய வேண்டியதில்லை, பட்டறிவே உண்டு. 2023 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பட்டோம். பர்லியாறு தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். முன்னே நின்ற வண்டியிலிருந்து ஒரு குழந்தை இறங்கி வாந்தியெடுத்தது. அதன் தாத்தா சாலையோரக் கல்லில் அமர்ந்து, திரும்பிப் போய்விடலாம் என்று யாரிடமும் அல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். குன்னூரை அடுத்த தேநீர்க் கடையில் முகம் கழுவத் தண்ணீர் கேட்டபோது கடைக்கார அம்மாள் ஒரு குவளைதான் தந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், சீசன் முடியிற வரைக்கும் எங்களுக்கே குடத்துக் கணக்குத்தான்" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல நமக்கு வாய் எழவில்லை. அவருடைய குடத்திலிருந்து ஒரு குவளையை நாமும் எடுத்துக்கொண்டல்லவா வந்திருந்தோம்?

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் முடிய நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. வணிகர்கள் எதிர்த்தார்கள். மூன்று மாத வருவாயில் ஓராண்டை ஓட்டுபவர்களின் அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் வரம்பு வேண்டும் என்பதே நம் கட்சி. அது போதுமா என்றால், போதாது. அரசுப் பேருந்துக்கு இவ்வரம்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுவோம். பேருந்தில் போகலாமே என்றால் நண்பர்கள் ஏனோ பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

நோயின் மூலம் நம் நாள்காட்டியில் இருக்கிறது. நம் இலக்கண ஆசிரியர்கள் குறிஞ்சிக்கு வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். இளவேனிலாகிய சித்திரையையும் வைகாசியையும் அவர்கள் அம்மலைக்குத் தரவில்லை, வேனில் பாலைக்குரியது. வேனிலில் மலையேறும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். சென்னை மாகாண அரசே கோப்புகளைக் கட்டிக்கொண்டு கோடைதோறும் உதகைக்கு ஏறியது. அவர்கள் போய்விட்டார்கள், 'சீசன்' என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது. அன்று ஏறியது ஓர் அலுவலகமும் சில நூறு குடும்பங்களும். இன்று மாநிலத்தின் பள்ளிகள் அனைத்தும் ஒரே வாரத்தில் அடைக்கப்பட, எல்லோரும் அதே ஆறு வாரத்துக்குள் ஏறியாக வேண்டியிருக்கிறது. மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில்தான். (கூடலுக்குரிய திணை என்று வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் இப்போது வேறு கூடலை நினைத்துச் சிரிக்கிறார்கள்.)

கோடை விடுமுறையை மாவட்டவாரியாகச் சில நாள்கள் முன்பின்னாக அமைத்தால் என்ன என்று ஆசிரியர் கூட்டமொன்றில் நாம் கேட்டதுண்டு. தேர்வுக் கால அட்டவணை இடம் தராது என்றார்கள். அட்டவணை மனிதர் போட்டதுதானே என்று கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

அதுவரை நண்பர்களுக்கு நம்மால் சொல்லக்கூடியது இவ்வளவே. நீலகிரி முழுவதற்கும் ஒரே வானிலை என்று எண்ண வேண்டாம். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், தேவாலாப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது கிழக்கே கோத்தகிரி மழைமறைவில் இருக்கிறது. அங்கே பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆகவே பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வீட்டார் ஜூன் பிற்பகுதியில் கோத்தகிரிக்குப் போகலாம். பிள்ளைகள் இருப்போர் காலாண்டு விடுமுறையைப் பார்க்கலாம். மெய்யாகவே குளிர் வேண்டுவோர் தை மாதத்தில் போய், விடியற்காலையில் புல்வெளியில் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருப்பதைக் காணட்டும். மே மாதத்திலேதான் போயாக வேண்டுமென்றால், வார நடுவில், பேருந்தில். குடையோடு.