லேபுக்குள்ள ஷூ கட்டாயம்... பட்டறைக்குள்ள?

நம்ம காலேஜ் ஒர்க்‌ஷாப்புக்குள்ள ஷூ போடாம ஒரு தடவை நுழைஞ்சு பாருங்க. இன்ஸ்ட்ரக்டர் வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிடுவார். சட்டையை இன் பண்ணியிருக்கணும், கையில காப்பு, கயிறு இருக்கக் கூடாது, முடி நீளமா இருந்தா கட்டியிருக்கணும். லேத் முன்னாடி நாம நின்ன நேரத்தைக் கூட்டினா ஒரு செமஸ்டருக்கு முப்பது மணி நேரம் வந்தாலே அதிகம். அதுக்கே இத்தனை விதி. விதி சரியானதுதான், அதைக் குறை சொல்ல வரல.

இப்போ மெயின் கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் நடங்க. நம்மில் பாதிப் பேர் வண்டி விடுற பட்டறை ஒண்ணு இருக்கும். ரப்பர் செருப்பு, கிரீஸ் படிஞ்ச பேன்ட், கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது, கைக்கு உறை கிடையாது. காலையில ஒன்பது மணிக்கு ஷட்டர் தூக்கினா ராத்திரி ஒன்பது வரைக்கும் குனிஞ்சபடியே வேலை. நாம லேத்துல நாலு வருஷத்துல செலவழிக்கிற நேரத்தை அவங்க ஒரே மாசத்துல தாண்டிடுவாங்க.

"அவங்களுக்கு அதெல்லாம் பழகிடுச்சு மச்சி" என்று நம்ம பசங்க சொல்வாங்க. இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. சுடுற சைலன்சர்ல கை பட்டுப் பட்டு வலி வேணும்னா பழகலாம். நுரையீரலுக்கு பிரேக் தூசி பழகாது. ரத்தத்துக்கு கார்பன் மோனாக்சைடு பழகாது. மெக்கானிக்கோட வேலையில் இருக்கிற ஆபத்துல பெரும்பகுதி அவரோட கவனக்குறைவால வர்றதில்லை. வண்டியை டிசைன் பண்றவங்க, சட்டம் எழுதறவங்க, வாசல்ல நின்னு அவசரப்படுத்துற கஸ்டமர் என்று மூணு பேர் சேர்ந்து அவர் தலையில ஏத்தி வைச்சது அது. இதுல முதல் ஆள் நாளைக்கு நாமதான். மூணாவது ஆள் இன்னைக்கே நாமதான். அதனாலதான் இதை நம்ம இதழ்ல எழுதறேன்.

படிச்ச பாடம்தான், பட்டறையில வேற மாதிரி

முதல்ல, சட்டுன்னு நடக்கிற விபத்துகள். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குறதுக்கான கருவி, தாங்கிப் பிடிக்கிறதுக்கானது இல்ல. ஹைட்ராலிக் ஜாக்கியில ஒரு சீல் தேய்ஞ்சு எண்ணெய் கசிஞ்சா போதும், மேல நிக்கிற கார் சத்தமில்லாம இறங்கும். அதனால தூக்கின உடனே கீழே ஸ்டாண்ட் கொடுக்கணும். ரோட்டோரப் பட்டறையில ஸ்டாண்டுக்குப் பதில் கழட்டின ஸ்டெப்னி டயரையோ, ஹாலோ பிளாக் கல்லையோ வைப்பாங்க. டயர் கொஞ்சம் பரவாயில்ல. ஹாலோ பிளாக் கல் எடை தாங்காம திடீர்னு நொறுங்கும்.

ரேடியேட்டர் மூடி. செகண்ட் இயர் தெர்மோல அழுத்தம் கூடினா கொதிநிலை கூடும்னு படிச்சோம்ல, அதேதான். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறதால உள்ளே இருக்கிற கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் திரவமாவே நிக்கும். சூடா இருக்கும்போது மூடியைத் திருகினா அழுத்தம் போயிடும், கூலன்ட் அந்த நொடியே கொதிச்சு முகத்துல அடிக்கும். நமக்கு அது சாச்சுரேஷன் டேபிள்ல ஒரு வரி. அவங்களுக்கு நெத்தியிலிருந்து கழுத்து வரைக்கும் தழும்பு.

காமன் ரெயில் டீசல் எஞ்சின் இன்னும் மோசம். உங்க கார் டயர்ல இருக்கிற காற்றழுத்தம் சுமார் 2.2 பார். இந்த எஞ்சின்களோட ரெயில்ல டீசல் 1500 பாருக்கும் மேல போகும், கிட்டத்தட்ட 700 மடங்கு. பைப்ல ஊசி முனை அளவு கசிவு இருந்தா, எங்கே கசியுதுன்னு விரலால தடவிப் பார்க்கறது பழைய எஞ்சின்ல வந்த பழக்கம். இங்கே அப்படித் தடவினா டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியில பார்த்தா முள் குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதல்ல பெருசா இருக்காது. ஆனா உடனே ஆபரேஷன் பண்ணலைன்னா விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். கசிவைத் தேடணும்னா எஞ்சினை ஆஃப் பண்ணி அழுத்தம் இறங்க விடணும், ஓடும்போது பார்த்தே ஆகணும்னா தள்ளி நின்னு ஒரு அட்டையை நீட்டிப் பார்க்கணும். கம்பெனி சர்வீஸ் சென்டர் ஆளுக்கு இதை டிரெயினிங்ல சொல்லிக் கொடுத்திருப்பாங்க. ரோட்டோர அண்ணனுக்கு யார் சொன்னது?

மெதுவா வர்ற ஆபத்து

விபத்தாவது கண்ணுக்குத் தெரியும். இருபது வருஷம் கழிச்சு வர்றது தெரியாது.

பட்டறையில புதுசா சேர்ந்த பையனுக்கு முதல் வேலை என்ன தெரியுமா? டீ வாங்கிட்டு வர்றது, "12-13 எடு" என்றால் சரியான ஸ்பேனரை நீட்டுறது, கழட்டின பார்ட்ஸை ஒரு தட்டுல பெட்ரோல் ஊத்தி பிரஷ் போட்டுக் கழுவுறது. சாயங்காலம் அதே பெட்ரோல்ல கையையும் கழுவிக்கிட்டு பனியன் வேஸ்டுல துடைச்சுக்குவான். பெட்ரோல் தோல்ல இருக்கிற இயற்கையான எண்ணெயை எடுத்துடும். தோல் வறண்டு வெடிக்கும், வெடிப்பு வழியா அழுக்கு ஆயில் உள்ளே இறங்கும். பெட்ரோல்ல பென்சீன் இருக்கு. பிஎஸ்-6 விதிப்படி அது 1 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது. 1 சதவீதம்தானே என்று கேட்கலாம். ஆனா தினமும் மூக்குக்குக் கீழே தட்டுல திறந்து வைச்சுக் கழுவறவனுக்கு அது சின்ன அளவு இல்ல. பென்சீன் மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான ஒன்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை முதல் பிரிவுல வைச்சிருக்கு. 2012-ல் டீசல் புகையையும் அதே பிரிவுல சேர்த்தாங்க.

டேங்க்ல இருந்து டியூப் போட்டு வாயால உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கறதைப் பார்த்திருப்பீங்க. வயித்துக்குள்ள போறதை விட நுரையீரலுக்குள்ள போறதுதான் பெரிய ஆபத்து. சில மில்லி போனாலே கடுமையான நிமோனியா வரலாம்.

அடுத்து பிரேக் டிரம். திறந்ததும் கம்ப்ரசர் காத்தை அடிச்சு தூசியை ஊதுவாங்க. பழைய லைனிங்லயும் மலிவான சில லைனிங்லயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பல நாடுகள் தடை பண்ணிட்டாங்க, நம்ம நாட்டுல இன்னும் முழுத் தடை இல்ல. அந்த நார் உள்ளே போனா நோய் வெளியே தெரிய இருபது, முப்பது வருஷம் ஆகும். அப்போ அவர் எந்தப் பட்டறையில எந்த வண்டியோட பிரேக்கை ஊதினார்னு யார் நிரூபிக்கிறது? ஈரத் துணியால துடைச்சா தூசி பறக்காது. செலவே இல்லாத தீர்வு இது.

"கிளவுஸ் போட்டா விரலுக்குத் தெரியாது தம்பி"

போன வருஷம் மினி புராஜெக்டுக்காக ரெண்டு வாரம் சாயங்காலம் சாயங்காலம் ஒரு பட்டறையில போய் உட்கார்ந்திருந்தேன். அந்த அண்ணன் பதினாலு வயசுல ஸ்பேனர் பிடிச்சவர். ஏன்ணே கிளவுஸ் போடறதில்லன்னு கேட்டேன். "போட்டா நட்டு மரையில ஏறுதா, குறுக்கால ஏறுதான்னு விரலுக்குத் தெரியாது தம்பி. குறுக்கால ஏறினா மரை போயிடும், அந்தக் காசு என் கையிலருந்துதான் போகும்" என்றார். கண்ணாடி? "வேர்வையில பத்து நிமிஷத்துல மூடிக்கும்." மாஸ்க்? ஷீட் கூரை, மே மாசம். அவர் பதிலே சொல்லல, சிரிச்சார்.

இதுல ஒண்ணாவது கவனக்குறைவா? எல்லாமே டிசைன் பிரச்சினை. சுத்துற பார்ட் பக்கத்துல கிளவுஸ் போடறதே ஆபத்து, நம்ம லேத் லேபுலயும் போடக் கூடாதுன்னுதானே சொல்லித் தர்றாங்க? ஆக "பிபிஇ போடுங்க" என்று போஸ்டர் ஒட்டிட்டு வர்றது பதில் இல்ல. பார்ட்ஸ் கழுவும்போது நைட்ரைல் கிளவுஸ், நட்டு ஏத்தும்போது வெறும் கை, கிரைண்டர்ல நிக்கும்போது மட்டும் கண்ணாடி என்று வேலை வேலையா பிரிச்சுச் சொன்னா அவங்க கேட்கத் தயார். நான் சொல்லிப் பார்த்தேன், கழுவற வேலைக்கு அந்தப் பட்டறையில ரெண்டு பசங்களும் இப்போ கிளவுஸ் போடறாங்க.

சட்டம் எங்கே போச்சு?

1948-ஆம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டத்துல "ரிப்பேர்" பண்றதும் உற்பத்தி வேலையாத்தான் இருந்துச்சு. ஆனா மின்சாரம் பயன்படுத்துற இடத்துல 10 பேராவது வேலை செய்யணும், இல்லாத இடத்துல 20 பேர் இருக்கணும் என்று இருந்துச்சு. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றின தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20, 40 என்று இரட்டிப்பாக்கிடுச்சு. இஎஸ்ஐ வேணும்னாலும் பொதுவா 10 பேர் இருக்கணும். நம்ம தெருவுல எந்தப் பட்டறையில பத்துப் பேர் இருக்காங்க? ஓனர் ஒருத்தர், கூட ரெண்டு பசங்க. ஆபத்து அதேதான், ஆள் எண்ணிக்கை குறைவு. அதனால சட்டத்தோட கண்ணுக்கு அந்தப் பட்டறை தெரியறதே இல்ல.

1995-ல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்குல உச்ச நீதிமன்றம், தொழிலாளியோட ஆரோக்கியமும் வாழும் உரிமையில் அடக்கம் என்று சொல்லிச்சு. அந்த உரிமை மூணு பேர் இருக்கிற பட்டறைக்கும் உண்டுதானே? ஆள் கணக்கை வைச்சு இல்லாம, வேலையோட ஆபத்தை வைச்சு பாதுகாப்பு விதி எழுதணும் என்பதுதான் என் கருத்து.

"சின்னப் பட்டறைக்கு ஃபேக்டரி விதி போட்டா கடையை மூட வேண்டியதுதான்" என்று நீங்க சொல்லலாம். நியாயமான கேள்வி. ரிஜிஸ்டர், இன்ஸ்பெக்டர், அபராதம் என்று அவங்க மேல ஏத்தச் சொல்லல. ஒரு ஜோடி ஸ்டாண்ட், ஒரு தீயணைப்பான், மாசத்துக்கு ஒரு டப்பா கிளவுஸ். இதை மானியத்துல கொடுத்தாலே பாதிப் பிரச்சினை குறையும். உண்மையில் நம்ம மாநிலத்துல அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் ஒர்க்‌ஷாப் தொழிலாளர்களுக்கும் தனி நல வாரியமே இருக்கு. வருஷத்துக்கு 20 ரூபாய் பிரீமியத்துல 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தர்ற பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டமும் இருக்கு. நான் போன பட்டறையில ரெண்டைப் பத்தியும் யாருக்கும் தெரியல.

எலக்ட்ரிக் வண்டி வருது

இது அவசரமா பேச வேண்டியது. பேட்டரியில கரன்ட் இருக்கான்னு பார்க்க, ஒயரை பாடியில லேசா தொட்டுப் பொறி வருதான்னு பார்க்கிற பழக்கம் பல பேருக்கு உண்டு. 12 வோல்ட்ல அது ஒரு பொறியோட போயிடும். எலக்ட்ரிக் காரோட பேட்டரி 300 வோல்ட்டுக்கு மேல. ஆரஞ்சு கலர் கேபிள் என்றால் தொடாதே என்று அர்த்தம். மெயின் கனெக்‌ஷனைக் கழட்டின பிறகும் இன்வெர்ட்டர் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்ல சில நிமிஷம் சார்ஜ் நிக்கும். வாரன்டி முடிஞ்ச எலக்ட்ரிக் வண்டிகள் ரோட்டோரப் பட்டறைக்கு வர ஆரம்பிக்கும்போது, எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்ற அந்த அனுபவம் உதவிக்கு வராது. சத்தமே போடாத வண்டி அது.

நாம என்ன பண்ணலாம்?

கஸ்டமரா: "இங்கேயே நிக்கிறேன்ணா, பத்து நிமிஷத்துல முடிங்க" என்று சொல்லாதீங்க. ஸ்டாண்ட் வைக்காம வேலை நடக்கிறதே அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில எம்ஆர்பி-யைக் கேள்வி கேட்காம கொடுத்துட்டு, லேபர் சார்ஜ்ல மட்டும் ஐம்பது ரூபாய் பேரம் பேசாதீங்க. கிளவுஸும் கண்ணாடியும் அந்த ஐம்பது ரூபாயில இருந்துதான் வரணும்.

எஞ்சினியரா: மூணாம் வருஷ ஜூனியர்களே, உங்களுக்குத்தான் இது. அடுத்த செமஸ்டர் புராஜெக்ட் டைட்டில் தேடுவீங்க. இணையத்துல ரெடியா கிடைக்கிற இன்னொரு "ஸ்மார்ட்" ஏதோ ஒண்ணு வேண்டாம். பெட்ரோல் இல்லாம சோப்புக் கரைசல்ல பார்ட்ஸ் கழுவற ஒரு மலிவான தொட்டி. சைலன்சர்ல மாட்டிப் புகையை வெளியே இழுக்கிற ஒரு ஹோஸும் புளோயரும். நம்ம வெல்டிங் லேபுலயே செய்யக் கூடிய, எடை போட்டுச் சோதிச்ச ஸ்டாண்ட். மூணுக்கும் பக்கத்துத் தெருவுலயே யூசர் இருக்கார். அவர் வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேட்டு மாத்துங்க, அதுதான் நிஜமான டிசைன் ரிவ்யூ.

காலேஜுக்கு ஒரு கோரிக்கை: நம்ம டிபார்ட்மென்ட்ல இருக்கிற எலக்ட்ரிக் வண்டி லேப் ஞாயிற்றுக்கிழமைகள்ல பூட்டித்தான் கிடக்கு. மாசத்துக்கு ஒரு ஞாயிறு அதைச் சுத்து வட்டார மெக்கானிக்குகளுக்குத் திறந்து விடலாம். தமிழ்லயே சொல்லிக் கொடுக்கலாம், அதே நாள் என்எஸ்எஸ் மாணவர்கள் வாரியத்துலயும் காப்பீட்டுலயும் பதிவு பண்ணிக் கொடுக்கலாம். பதிலுக்கு அவங்க நமக்குச் சொல்லித் தர்றதுக்கும் நிறைய இருக்கு. எந்த போல்டுக்கு ஸ்பேனர் நுழைய இடமே இல்லாம டிசைன் பண்ணியிருக்காங்க என்பது எந்த டெக்ஸ்ட் புக்லயும் இல்ல, அவங்க முட்டியில இருக்கிற காயத்துலதான் இருக்கு.

ஹெச்ஓடி-கிட்ட கொடுக்க ஒரு மனு எழுதி வைச்சிருக்கேன். கையெழுத்துப் போட விருப்பம் இருக்கிறவங்க இந்த வாரம் மதிய இடைவேளையில ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வாங்க. ஷூ போட்டுக்கிட்டு வாங்க, இல்லைன்னா உள்ளே விடமாட்டாங்க.