கப்பலோட்டும் பொறுப்பு

பேருந்தை ஓட்டுபவரை அதில் ஏறும் ஒவ்வொருவரும் காண்கின்றனர். இரயில் வண்டியை ஓட்டுபவரை நிலையத்தில் நிற்கும் சிறுவர் வியப்புடன் நோக்குகின்றனர். விமானத்தைச் செலுத்துபவரின் குரலையாவது பயணிகள் கேட்கின்றனர். கப்பலை ஓட்டுபவரை நேரில் கண்டோரோ மிகச் சிலரே ஆவர். உலக நாடுகளுக்கிடையே நடைபெறும் வாணிகத்தை எடையளவில் நோக்கினால், நூற்றில் எண்பது பங்குக்கு மேல் கடல் வழியாகவே செல்கின்றது. இந்தியாவின் அயல்நாட்டு வாணிகத்தில் அப்பங்கு ஏறத்தாழ 95 ஆகும். அடுப்பெரிக்கும் எரிவாயுவிலும், தாளிக்கும் எண்ணெயிலும் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்கியதே. வயலில் இடும் பொட்டாஷ் உரமும் அவ்வாறு வந்ததே. இரவெல்லாம் கண்விழித்து அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்போர் அரியர்.

கண்ணுக்குப் புலப்படாத தொழிலைப் பற்றிக் கற்பனைகள் பெருகுதல் இயல்பு. கப்பல் தலைவர் சக்கரத்தை இறுகப் பற்றிக்கொண்டு அலைகளோடு போராடுகின்றார் என்பது ஒரு கற்பனை. செலவின்றி உலகத்தைச் சுற்றிப் பார்த்துக் கைநிறையப் பொருளீட்டலாம் என்பது மற்றொரு கற்பனை. முன்னது கதைப் புத்தகங்களிலிருந்து வந்தது. பின்னது விளம்பரத் தாள்களிலிருந்து வந்தது. இவ்விரண்டுள் பின்னதே தீமை மிகுந்தது. அதனை நம்பிக் கடலுக்குச் செல்லும் இளைஞன் தான் ஏற்பது எத்தகைய சுமை என்பதை அறியாமலே அதனைத் தோளில் ஏற்றிக்கொள்கின்றான்.

பழந்தமிழர் கப்பலைச் செலுத்துவோனை மீகாமன் என்றனர். இக்காலத்துப் பெருங்கப்பலில் மீகாமன் ஒருவர் அல்லர். கேப்டன் என வழங்கும் தலைவர் ஒருவர். அவருக்குக் கீழே முதல், இரண்டாம், மூன்றாம் நிலை அதிகாரிகள் மூவர். ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் அதிகாரிகள் பகுத்துக்கொண்டு காவல் நிற்கின்றனர். எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை மூன்றாம் அதிகாரி. பன்னிரண்டு முதல் நான்கு வரை இரண்டாம் அதிகாரி. நான்கு முதல் எட்டு வரை முதல் அதிகாரி. பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையுமாக இம்முறை சுழன்றுகொண்டே இருக்கும். சக்கரமோ இவர்கள் கையில் இருப்பதில்லை. சுக்கான் பிடிக்கும் மாலுமி வேறொருவர். அவர் அதிகாரி இடும் கட்டளையை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டே சக்கரத்தைத் திருப்புவார். திருப்பிய பின்னர் மீண்டும் சொல்வார். அகன்ற கடலில் அவருக்கும் வேலையில்லை. தானியங்கிக் கருவியே திசையைக் காத்துக்கொள்ளும்.

அங்ஙனமாயின் கப்பலை ஓட்டுதல் என்பது யாது? விழித்திருத்தலும், உரிய காலத்தில் முடிவு செய்தலுமே கப்பலை ஓட்டுதல் ஆகும். இரவில் கட்டளை மேடையில் விளக்குகள் யாவும் அவிக்கப்பட்டிருக்கும். கண்கள் இருளுக்குப் பழகினாலன்றித் தொலைவில் மினுக்கும் மீன்பிடி படகின் சிறு விளக்கு புலனாகாது. ராடார் காட்டும், ஆயினும் மரப்படகுகளும் மழை மேகங்களும் ராடாரை ஏமாற்றவல்லவை. ஆகவே அதிகாரி கருவியையும் பார்க்கின்றார். சன்னலுக்கு வெளியேயும் பார்க்கின்றார். எதிரே தோன்றும் கப்பல் எந்தக் கோணத்தில் உள்ளது என்பதைத் திசைகாட்டியில் குறித்துக்கொள்கின்றார். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் குறிக்கின்றார். கோணம் மாறிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டு வந்தால், இரு கப்பல்களும் ஒரே இடத்தை நோக்கி ஒரே நேரத்தில் விரைகின்றன என்பது பொருள். எளிய கணக்கு இது. ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு, உறக்கம் கண்ணை அழுத்தும் வேளையில், அக்கணக்கைத் தவறாமல் செய்பவரே மீகாமன்.

முன்கூட்டியே முடிவு செய்தல் ஏன் வேண்டும் எனின், கப்பலுக்குத் தரை வண்டிகளைப் போன்ற தடைக்கருவி இல்லை. விசையைப் பின்னோக்கித் திருப்பியே அதனை நிறுத்தவேண்டும். முழு வேகத்தில் செல்லும் கப்பல் தன் நீளத்தைப் போல் பதினைந்து மடங்கு தூரத்துக்குள் நிற்றல் வேண்டும் என்பது உலகக் கடல்சார் அமைப்பின் அளவுகோல். மிகப் பெரிய கப்பல்களுக்கு இருபது மடங்கு வரையிலும் இடங்கொடுக்கப்பட்டுள்ளது. 300 மீட்டர் நீளமுள்ள கப்பலுக்குப் பதினைந்து மடங்கு என்பது நாலரைக் கிலோமீட்டர். ஆபத்து அருகில் வந்த பின் விழித்துக்கொள்பவருக்கு அங்கே இடமில்லை.

கடலிலும் சாலை விதிகள் உண்டு. 1972-ஆம் ஆண்டில் நாடுகள் கூடி வகுத்த மோதல் தடுப்பு விதிகளே இன்றும் திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளன. ஒவ்வொரு கப்பலும் இரவில் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் காட்டவேண்டும். விசையால் இயங்கும் இரண்டு கப்பல்கள் குறுக்கே வரும்போது, மற்றதைத் தன் வலப்புறத்தில் காணும் கப்பல் விலகுதல் வேண்டும். அவ்வாறு விலகவேண்டிய கப்பலின் கண்ணுக்கு மற்றதன் செவ்விளக்கே தெரியும். அவ்விளக்கே எச்சரிக்கையும் ஆகிவிடுகின்றது. இவ்விதிகளுள் ஒரு நுட்பம் உண்டு. விலகவேண்டிய கப்பல் விலகவில்லையாயின், நேரே செல்லும் உரிமையுடைய கப்பல் வாளா இருத்தல் ஆகாது. மோதலைத் தவிர்க்கத் தானும் செயற்படவேண்டும். ‘உரிமை என்னுடையது, தவறு அவனுடையது’ என்று சாலையில் வாதாடுவோர் உளர். கடல்விதி அவ்வாதத்துக்கு இடந்தரவில்லை.

துறைமுகத்தை அணுகும்போது கப்பலுக்குப் புதியவர் ஒருவர் வருகின்றார். அவர் பைலட் எனப்படும் வழிகாட்டி. அத்துறையின் நீரோட்டமும், மணல்மேடும், காற்றும் அவருக்கு உள்ளங்கை ரேகை போன்றவை. அவர் சிறு படகில் வந்து, ஓடும் கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்றேணியில் ஏறுகின்றார். அவ்வேணியில் அவர் ஏறும் உயரம் 9 மீட்டருக்கு மேற்படலாகாது என்பது விதி. படகு தாழ, ஏணி ஆட, கால் தவறிய வழிகாட்டிகள் உயிர் இழந்ததும் உண்டு. கல்கத்தாத் துறைக்குச் செல்லும் ஊக்ளி ஆற்றில் கடல்முகத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேலும் வழிகாட்டியின் துணை வேண்டியிருக்கின்றது. அந்த ஆற்றின் மணல்மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதே அதற்குக் காரணம். வழிகாட்டி கட்டளையிடத் தொடங்கிய பின்னரும், கப்பலின் பொறுப்பு தலைவரை விட்டு நீங்குவதில்லை. பனாமாக் கால்வாய் ஒன்றே இதற்குப் பெயர்பெற்ற விலக்கு.

இப்பொறுப்பின் எடையை 2024-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் உலகம் கண்டது. அமெரிக்காவின் பால்டிமோர் துறையிலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்ட ‘டாலி’ என்னும் சரக்குக் கப்பல், நள்ளிரவு கடந்த வேளையில் மின்விசை இழந்தது. ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல் ஆற்றுப் பாலத்தை நோக்கி மிதந்து சென்றது. கப்பலில் இருந்த மாலுமிகள் 21 பேரில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். அமெரிக்க வழிகாட்டிகள் இருவரும் உடனிருந்தனர். நங்கூரம் இறக்கப்பட்டது; கப்பல் நிற்கவில்லை. அப்போது வழிகாட்டி செய்த செயல் ஒன்று உண்டு. கப்பலைக் காக்க இயலாது எனக் கண்டதும், பாலத்தில் போக்குவரத்தை நிறுத்துமாறு செய்தி அனுப்பினார். காவலர் விரைந்து இரு முனைகளையும் அடைத்தனர். சிறிது நேரத்தில் கப்பல் மோத, பாலம் சரிந்தது. பாலத்தின்மேல் செப்பனிடும் பணியில் இருந்த தொழிலாளர் அறுவர் மாண்டனர். அச்செய்தி போகாதிருந்தால் அவ்விழப்பு இன்னும் எத்துணைப் பெருகியிருக்கும் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

மின்விசை போனதற்குக் காரணம், சரியாகப் பொருத்தப்படாமல் தளர்ந்திருந்த ஒரு சிறு கம்பியே என்று அமெரிக்க விசாரணைக் குழு 2025-இல் கண்டறிந்தது. ஆயிரக்கணக்கான கம்பிகள் ஓடும் கப்பலில் ஒவ்வொன்றையும் கட்டளை மேடையில் நிற்பவர் தொட்டுப் பார்த்தல் இயலுமோ? எனினும் மாலுமிகள் பல வாரங்கள் கப்பலை விட்டு இறங்க இயலாமல், இடிந்த பாலத்தின் இரும்புகளுக்கு நடுவே காத்திருந்தனர். 2021-இல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கி மீண்ட ‘எவர் கிவன்’ கப்பலும் இத்தகையதே. அதன் மாலுமிகள் 25 பேரும் இந்தியர். கப்பல் மீண்ட பின்னரும் இழப்பீட்டு வழக்கின் பொருட்டு அது சூலை மாதம் வரை அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டது.

கப்பல் தலைவர் பொறுப்பினின்றும் விலகக் கூடாது என்பதை மறுப்பார் இலர். ஆனால் பொறுப்பைச் சுமத்துவோருக்கும் கடமை உண்டு. அக்கடமைகளுள் முதன்மையானது ஓய்வு. காவல் நிற்போருக்கு எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேர ஓய்வும், ஏழு நாளில் 77 மணி நேர ஓய்வும் வேண்டும் என்பது உலக உடன்படிக்கை. ஏட்டில் உள்ள இவ்வோய்வு எல்லாக் கப்பல்களிலும் மாலுமியின் கண்ணுக்குக் கிட்டுகின்றது எனக் கூறுதல் பொருந்தாது. பெரிய கப்பலிலும் இக்காலத்தில் இருபது அல்லது இருபத்தைந்து பேரே உளர். துறையில் நிற்கும் சில மணி நேரத்திற்குள் சரக்கும் இறங்கவேண்டும். அதிகாரிகளின் சோதனையும் முடியவேண்டும். உடனே கடலுக்குப் புறப்படவும் வேண்டும். உலகத்தைச் சுற்றிப் பார்க்கும் கற்பனை இவ்விடத்தில் கலைந்துவிடுகின்றது. துறைமுக வாயிலுக்கு அப்பால் உள்ள ஊரைக் காணாமலே பல நாடுகளைக் கடந்து செல்லும் மாலுமிகள் பலர். உறங்காத மனிதனிடம் உறங்காத விழிப்பை எதிர்பார்ப்பது அறமும் அன்று, அறிவும் அன்று.

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவியபோது, துறைமுகங்கள் பல மாலுமிகளைக் கரையேற விடவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப இயலாமல் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் கப்பல்களிலேயே தங்கிவிட்டனர். ஓராண்டுக்கு மேலும் மண்ணை மிதியாதோர் அவர்களுள் இருந்தனர். அப்போதும் சரக்கு நிற்கவில்லை. கடைகளில் பொருள்கள் வந்துகொண்டே இருந்தன. கொண்டுவந்தவர் மட்டும் கரைக்கு வேண்டாதவராயினர். பிள்ளை பிறந்த நாளையும், தாய் மறைந்த நாளையும் தொலைபேசியில் மட்டுமே அறிந்த மாலுமிகள் உண்டு. ஊதியத்தைப் பெரிதாகப் பேசுவோர் இதனையும் கூறுதல் வேண்டும்.

இத்தனையும் கேட்ட பின்னரும் இத்தொழிலை விரும்புவோர் இருப்பர், இருத்தலும் வேண்டும். இந்திய வணிகக் கப்பல்களின் முதற் பெண் தலைவரான ராதிகா மேனன், 2015-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ‘சம்பூர்ண சுவராஜ்யா’ என்னும் எண்ணெய்க் கப்பலைச் செலுத்திக்கொண்டிருந்தார். ஒடிசாக் கரைக்கு அப்பால், பொறி பழுதுற்று அலைந்துகொண்டிருந்த மீன்பிடி படகு ஒன்று தென்பட்டது. கடுங்காற்றும் பேரலையும் நிறைந்த அக்கடலில் பெரிய எண்ணெய்க் கப்பலைச் சிறு படகின் அருகே கொண்டுசெல்வது எளிதன்று. சிறிது பிசகினும் காப்பாற்றச் சென்ற கப்பலே படகை நசுக்கிவிடும். மீண்டும் மீண்டும் முயன்று, படகிலிருந்த மீனவர் எழுவரையும் ஏணி வழியே மேலேற்றினார். 2016-இல் உலகக் கடல்சார் அமைப்பு அவருக்குத் துணிவுக்கான விருது அளித்தது. அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அங்கு வேண்டியிருந்தது துணிவு மட்டும் அன்று. பெருங்கப்பல் எங்கே, எப்போது நிற்கும் என்ற கணக்கும் ஆகும்.

இத்தொழிலுக்குரிய கல்வி நாட்டில் 1927-ஆம் ஆண்டு பம்பாயில் ‘டஃபரின்’ என்னும் பயிற்சிக் கப்பலில் தொடங்கியது. 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்று அவற்றில் சராசரி 60 விழுக்காடும், ஆங்கிலத்தில் 50 விழுக்காடும் பெற்றோர் நுழைவுத் தேர்வு எழுதலாம். செவ்விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறிய இயலாதவர், எத்துணை மதிப்பெண் பெற்றிருப்பினும் கட்டளை மேடைக்கு ஏற்கப்பெறார். பயிற்சியும், கடற்பணியும், அடுத்தடுத்த தேர்வுகளும் கடந்து தலைவராவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகும். வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பெருந்தொகை கேட்கும் தரகர்கள் ஊர்தோறும் உளர். மாலுமியிடம் அவ்வாறு பணம் பெறுதல் சட்டத்துக்கு மாறானது. பணிக்கு அமர்த்தும் முகவர், கப்பல் துறைத் தலைமை இயக்ககத்தின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். உரிமம் பெற்றோர் பட்டியலை எவரும் பார்க்கலாம். நிலத்தை அடகு வைக்கும் முன் பெற்றோர் அதனைப் பார்த்தல் நன்று.

முதற் கப்பலில் ஏறும் பயிற்சி மாணவனுக்குச் சுக்கான் உடனே கிட்டுவதில்லை. துருவைச் சுரண்டுதலும், வண்ணம் பூசுதலும், கயிறு சுற்றுதலுமே அவனுடைய பகற்பணிகள். மாலை மங்கிய பின் அவன் கட்டளை மேடையில் அதிகாரியின் அருகே நிற்பான். விளக்கு ஒன்றைக் கண்டவுடன், அது எந்தப் பக்கத்தில் உள்ளது, என்ன நிறம் என்பதை உரக்கச் சொல்லவேண்டும். அதிகாரி தாமும் அதனை முன்பே கண்டிருப்பார். எனினும் அவன் சொல்லும் வரை காத்திருப்பார்.