யாருடைய பசிக்குச் சமைக்கிறார்கள்?

லண்டனுக்குப் புதிதாக வந்து சேரும் நண்பர்கள், வீடு பார்த்து, வங்கிக் கணக்குத் தொடங்கி, கனத்த கோட்டு ஒன்று வாங்கிய கையோடு கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "இங்கே நல்ல இந்திய உணவகம் எது?" எளிய கேள்விதான். ஆனால் அதிலுள்ள மூன்று சொற்களும் தகராறானவை. யாருக்கு நல்லது, இந்தியாவில் எந்த ஊர், யாருக்காகத் திறந்த உணவகம் என்று மூன்று உபகேள்விகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. நண்பர்கள் பொதுவாக இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். சமையற்காரர் மதுரைக்காரரா, கோழிக்கோட்டுக்காரரா என்று விசாரிக்கிறார்கள். மூன்றாவதையே முதலில் கேட்கவேண்டும் என்பது இந்நகரில் பல ஆண்டுகளாக உண்டு வரும் என்னுடைய கட்சி. அடுப்பை மூட்டுபவர் யாருடைய பசியை மனத்தில் வைத்து மூட்டுகிறார் என்பது தெரிந்தால், மற்றதெல்லாம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

வரலாறும் இதற்குச் சான்று. லண்டனில் இந்தியர் ஒருவர் தொடங்கிய முதல் உணவகம் என்று சொல்லப்படுவது, பாட்னாவிலிருந்து வந்த சேக் தீன் முகமது 1810இல் ஜார்ஜ் தெருவில் திறந்த 'இந்துஸ்தானி காபி இல்லம்'. அங்கே கூடுமென்று எதிர்பார்க்கப்பட்டவர்கள் இந்தியர்கள் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியில் ஊழியம் பார்த்து, பணம் சேர்த்து, போர்ட்மன் சதுக்கத்தைச் சுற்றிக் குடியேறிய வெள்ளையர்கள். அவர்களுக்கு ஹூக்காவும், மூங்கில் நாற்காலியும், மசாலா மணமும் வேண்டியிருந்தன. இரண்டே ஆண்டுகளில், 1812இல், தீன் முகமது திவாலானார். அந்தக் கனவான்களில் பலர் வீட்டிலேயே சமையற்காரர் வைத்திருந்ததால் காபி இல்லத்துக்கு அவசியம் ஏற்படவில்லை என்று காரணம் சொல்வார்கள். ஆக, இந்நகரத்தின் முதல் இந்திய உணவகமே ஊர் ஏக்கத்துக்காகத் திறக்கப்பட்டதுதான். ஏங்கியவன் மட்டும் ஆங்கிலேயன்.

அடுத்து எல்லோரும் சுட்டுவது 1926இல் ரீஜன்ட் தெருவில் எட்வர்ட் பாமர் தொடங்கிய 'வீராசாமி'. பெயரைக் கேட்டதும் நம்மவர் காது நிமிரும். வத்தக்குழம்பும் ரசமும் கிடைக்குமோ என்று உள்ளே போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். கம்பெனி அதிகாரி ஒருவரும் முகலாயப் பிரபு குடும்பத்துப் பெண்ணும் இணைந்த வம்சத்தில் வந்தவர் பாமர். அவர் வைத்ததும் திரும்பிவந்த துரைமார்களுக்கான மேசைதான். பெயர் தெற்கு, பாத்திரம் வடக்கு, பசி மேற்கு.

இதற்குப் பின்னால் வந்தவர்கள்தான் எனக்கு முக்கியமானவர்கள். சில்ஹெட் பகுதியிலிருந்து கப்பலில் கரி அள்ளிப் போட வந்து, துறைமுகத்தில் இறங்கி, கிழக்கு லண்டனிலேயே தங்கிவிட்ட மாலுமிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்களும் அவர்களுடைய உறவினர்களும் சிறு சிறு கடைகளை எடுத்து நடத்தினார்கள். மீனும் உருளை வறுவலும் விற்ற கடையில் கறியும் சோறும் சேர்ந்தன. மதுக்கடை மூடிய பிறகு தள்ளாடி வருபவனுக்கும் சோறு போட்டார்கள், அவனுடைய வசவையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். கிழக்குப் பாகிஸ்தானியராக இருந்தவர்கள் 1971க்குப் பின் வங்காளதேசத்தவரானார்கள். பெயர்ப்பலகையில் மட்டும் 'இந்தியன்' என்ற சொல் மாறவில்லை.

இந்தக் கடைகளைப் பழிப்பது நம்மவரிடையே ஒரு தகுதிச் சான்றிதழாகவே ஆகிவிட்டது. "மெட்ராஸ் கறி என்று ஒன்று மெட்ராஸிலேயே கிடையாதே" என்று சொல்லிச் சிரிக்காத தமிழரை நான் இங்கு சந்தித்ததில்லை. கிடையாதுதான். கோர்மா என்றால் காரமில்லை, மெட்ராஸ் என்றால் காரம், விண்டலூ என்றால் கடுங்காரம், ஃபால் என்றால் உயிர்ப்பந்தயம். ஊர்ப்பெயர்களும் பண்டப்பெயர்களும் இங்கே காரத்தின் படிக்கட்டுகளாக மாறிவிட்டன. ஆனால் அந்த அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தவர்கள் இவ்வளவு எளிதாகச் சிரிக்கமாட்டார்கள். காலையில் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்து, இஞ்சி பூண்டு மஞ்சளோடு மணிக்கணக்கில் வேகவைத்து, கூழாக அரைத்து ஓர் அடிக்குழம்பு செய்துகொள்கிறார்கள். இறைச்சி தனியே பாதி வெந்து காத்திருக்கும். மாலையில் ஆணை வந்ததும், தீ நாக்கு எழும் வாணலியில் மசாலாவைத் தாளித்து, ஓரிரு கரண்டி அடிக்குழம்பை ஊற்றிச் சுண்டவைத்துச் சில நிமிடங்களில் தட்டு வெளியே போய்விடும். ஒரே குழம்பிலிருந்து இருபது பெயர்கள். இதை மோசடி என்கிறார் என் நண்பர். எனக்கு இது ஒரு தொழில்நுட்பமாகவே தெரிகிறது. ஐந்து பேர் கொண்ட அடுக்களை, பசியும் அவசரமும் குடியும் கலந்த ஒரு கூட்டத்துக்கு ஈடுகொடுக்கக் கண்டுபிடித்த வழி. 2001இல் வெளியுறவுச் செயலர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவை உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்று ஓர் உரையில் சொன்னபோது நம்மவர் பலர் கேலி செய்தார்கள். அதை இந்திய உணவு என்று அவர் சொல்லியிருந்தால் அல்லவா கேலி செய்திருக்க வேண்டும்?

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று. அந்தச் சமையற்காரர்கள் அந்தக் குழம்பைச் சாப்பிடுவதில்லை. கடை மூடியபின் தங்களுக்கென்று தனியாக ஒரு சட்டி வைப்பார்கள். எலும்போடு கூடிய இறைச்சி, அல்லது மீன், சில நாள் சாத்கொரா என்னும் புளிப்பும் கசப்புமான எலுமிச்சைத் தோல் போட்ட குழம்பு. தொழிலில் அதற்குப் 'பணியாள் கறி' என்றே பெயர். விலைப்பட்டியலில் அது இருக்காது. நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அணைக்கப்பட்ட விளக்குகளுக்கு நடுவே, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் உண்பதே அந்தத் தெருவின் ஆகச் சிறந்த உணவு. நல்ல உணவகம் தேடுகிறவர் உண்மையில் தேடுவது, அந்தப் பின்மேசை முன்மேசையாக மாறியிருக்கும் இடத்தைத்தான்.

அப்படி மாறிய இடங்கள் லண்டனில் இருந்தன, இருக்கின்றன. இந்தியா லீகைச் சேர்ந்தவர்கள் 1951இல் தொடங்கிய 'இந்தியா கிளப்' அவற்றில் ஒன்று. ஸ்ட்ராண்ட் வீதியில், குறுகிய மாடிப்படி ஏறிப் போகவேண்டிய இடம். தூதரகம் பக்கத்தில் இருந்ததால் ஊழியர்கள், பத்திரிகையாளர்கள், மாணவர்கள் வந்தார்கள். அங்கே தோசை மிகச் சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். சாம்பார் சில நாட்களில் சுமார்தான். ஆனால் யாரும் உங்களுக்கு இந்தியாவை நடித்துக் காட்டவில்லை. கட்டடம் வேறு பயனுக்குப் போனதால் 2023 செப்டம்பரில் அதை மூடினார்கள். கடைசி வாரங்களில் நீண்ட வரிசை நின்றதாம். அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேராவது அதற்கு முந்தைய ஆண்டுகளில் மாதம் ஒருமுறை போயிருக்கலாம் என்று தோன்றியது (இது கொஞ்சம் கசப்பான பேச்சு, பொறுத்தருள்க). தெற்கே டூட்டிங்கில் 1973இல் தொடங்கிய 'ஸ்ரீ கிருஷ்ணா' கேரளச் சமையலைக் கொண்டுவந்தது. யூஸ்டன் நிலையத்துக்குப் பின்னுள்ள டிரமண்ட் தெருவில் குஜராத்தியரும் பிறரும் பேல்பூரிக்கும் மரக்கறி உணவுக்கும் ஒரு தெருவையே உண்டாக்கினார்கள். பின்னாளில் அதிவேக ரயில் பாதைக்காகச் சுற்றுவட்டாரத்தை இடித்துத் தடுப்பு போட்டபோது அந்தத் தெரு வாடிக்கையாளர்களை இழந்து மிகவும் வாடியது.

ஆனால் தமிழ் நாக்குக்கு உரிய இடம் கிழக்கே ஈஸ்ட் ஹாமும், டூட்டிங்கும், வெம்பிளி, ஹாரோ பக்கங்களும்தான். இங்கே ஒரு முரண்நகையைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் 'தென்னிந்திய உணவகம்' என்ற பலகையைப் பார்த்து உள்ளே போவார். கல்லாவில் இருப்பவர் "வாங்கோ அண்ணை, இருங்கோ" என்பார். 1983க்குப் பின் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள், ஆங்கிலேயனுக்குப் புரியும் ஒரு பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, உள்ளே தங்கள் அடுப்பை மூட்டினார்கள். சில்ஹெட்காரர் செய்ததும் இதுவேதான். வேறுபாடு என்னவென்றால், இவர்களுக்குத் தங்கள் மக்களே வாடிக்கையாளர்களாகக் கிடைத்தார்கள். பின்மேசை இங்கே முன்னால் வந்துவிட்டது. இடியப்பமும் சொதியும், புட்டும், கணவாய்க் கறியும், மட்டன் றோல்ஸும், தகட்டின் மேல் இரண்டு இரும்புத் தட்டுகளால் தாளம் போட்டுக் கொத்தும் கொத்துரொட்டியும் யாருக்கும் விளக்கப்படாமல் விற்பனையாகின்றன. விளக்கம் தேவைப்படாததே தரத்தின் முதல் அடையாளம்.

நம் நண்பர்கள் அங்கே போய்ச் சொல்லும் குறை, "இது நம்ம சாம்பார் இல்லையே" என்பது. உண்மை. அது அவர்களுடைய சாம்பாரும் இல்லை. நமக்காக வைத்தது. இடியப்பம் கேட்க வேண்டிய இடத்தில் சாம்பார் இட்லி கேட்டால், நீங்களும் அவருக்கு ஒரு வெள்ளைக்காரர்தான். பட்டியலின் எந்தப் பக்கத்தை அவர்கள் தங்களுக்காக எழுதியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதிக்கு என்னிடம் சில நாட்டுவழக்குக் குறிப்புகள் உண்டு. மசால் தோசை, பட்டர் சிக்கன், ஹக்கா நூடுல்ஸ், ஐதராபாத் பிரியாணி நான்கும் ஒரே அட்டையில் இருந்தால் கதவருகிலேயே திரும்பிவிடுவது நலம். சுவரில் அறை வாடகை விளம்பரமும், கோயில் தேர்த்திருவிழா அறிவிப்பும், முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலித் துண்டறிக்கையும் ஒட்டியிருந்தால் தைரியமாக உட்காரலாம். பக்கத்தில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் விற்கும் கடை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

தோசையை நம்பாமல் இட்லி கேட்பது என் வழக்கம். சென்னையில் இரவு அரைத்த மாவு காலையில் பொங்கி வழியும். லண்டன் சனவரியில் அதே மாவு ஒரு பகலும் ஓரிரவும் அசையாமல் கிடக்கும். வீடுகளில் அடுப்பறைச் சூட்டடுப்பின் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்து மூடுகிறோம், வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைப்பவர்களும் உண்டு. கடைக்காரருக்கு இந்தப் பொறுமை இருக்கிறதா, சோடாமாவைத் தூவி உப்பவைத்துவிட்டாரா என்பதைத் தோசை மறைத்துவிடும். எண்ணெயும் முறுகலும் உருளைக்கிழங்கும் எதையும் மறைக்கும். இட்லிக்கு மறைக்க ஒன்றுமில்லை. புளிப்பு இருக்கிறதா, இல்லையா, அவ்வளவே.

விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனெனில் இங்கேதான் எனக்கு நம்மவர்மீது கோபம். மாவையும் தண்ணீரையும் பிசைந்து வேகவைத்த இத்தாலியத் தட்டுக்குப் பதினைந்து பவுண்டு சத்தமின்றி எடுத்து வைப்பவர், ஒரு தோசை எட்டுப் பவுண்டு என்றதும் ரூபாயில் பெருக்க ஆரம்பித்துவிடுகிறார். ஊர்க்கணக்கு வேறு எந்தக் கடையிலும் அவருக்கு நினைவுக்கு வருவதில்லை. அம்மா கைப்பக்குவம் வேண்டும், ஆனால் அம்மாவுக்குக் கூலி கொடுத்துப் பழக்கமில்லை. இந்த மனப்பான்மைதான் நல்ல கடைகளைக் கொல்கிறது. வாடகையும் எரிவாயுக் கட்டணமும் ஏறுகின்றன, விலையை ஏற்ற முடியாது, எஞ்சியிருப்பது சமையற்காரரின் ஊதியமும் உறக்கமும். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் கொத்துத் தகட்டின் முன் நிற்கும் மனிதரைப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் 'சுவை குறைந்துவிட்டது' என்று இரண்டு நட்சத்திரம் போடுகிறோம்.

அந்த மனிதருக்குப் பதிலாக வேறொருவர் வருவதும் அரிதாகிவிட்டது. திறன்சார் பணியாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பை 2024 ஏப்ரலில் ஆண்டுக்கு 26,200 பவுண்டிலிருந்து 38,700 பவுண்டாக உயர்த்தினார்கள். 2025 ஜூலையில் அது 41,700 ஆயிற்று. அத்தோடு பெரும்பாலும் பட்டப்படிப்புத் தரத்திலான வேலைகளுக்கே விசா என்றும் விதி இறுகியது. கல்லில் மாவு வார்க்கும் கைக்குப் பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் தரும்? முதல் தலைமுறையினர் முதுமை அடைகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கணக்காளர்களாகவும் மருத்துவர்களாகவும் ஆகிவிட்டார்கள். ஆகவேண்டும் என்றுதானே அவர்கள் அடுப்படியில் நின்றார்கள். பரோட்டா உறைபெட்டியிலிருந்து வரத் தொடங்கிவிட்டது, மாவு வாளியில் வருகிறது. இன்னும் சில ஆண்டுகளில் பலகைகள் இருக்கும், பின்மேசைகள் இருக்குமா தெரியாது.

எனவே கேட்கும் நண்பர்களுக்கு இப்போதைக்கு நான் சொல்வது இதுதான். டிஸ்ட்ரிக்ட் வழித்தடத்தில் ஈஸ்ட் ஹாமில் இறங்குங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே ஹை ஸ்ட்ரீட் நார்த். வார நாளாக இருக்கட்டும், சனி ஞாயிறு வேண்டாம். பட்டியலைத் திறக்காமல், "இன்றைக்கு என்ன இருக்கிறது அண்ணை?" என்று கேளுங்கள். "இண்டைக்குக் கணவாய் இருக்கு, புட்டு இப்பதான் இறக்கினது" என்று பதில் வந்தால் அதையே வாங்குங்கள். விலையைப் பெருக்க வேண்டாம்.