21 வயதில் என்ன முடிந்துவிட்டது?

போன வாரம் புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு தகப்பனார் மகனைக் கடிந்துகொண்டிருந்தார். பையன் கல்லூரி கால்பந்து அணியில் ஆடுகிறானாம். "21 வயசாச்சு. பெரிய ஆட்டக்காரன் எல்லாம் 10 வயசுலயே ஆரம்பிச்சவன். இனிமே என்னடா பந்து? குரூப் 4-க்குப் படி" என்றார். கடையில் இருந்த என் வயதுக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. முன்பு ஒருமுறை ஆட்டியிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வருண் சக்கரவர்த்தி என்ற சென்னைப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் விக்கெட் கீப்பர். சிறுவர் அணிகளில் இடம் கிடைக்காமல் 17 வயதில் ஆட்டத்தையே விட்டார். கல்லூரியில் ஐந்து வருடம் கட்டடக்கலை படித்து, வேலையும் பார்த்தார். 25 வயதில் வேலையை விட்டுவிட்டு மறுபடி மைதானத்துக்கு வந்தார். வேகப்பந்து போட்டுப் பார்த்தார், முழங்காலில் அடி. சுழற்பந்துக்கு மாறினார். 2017-18-இல் சென்னை நான்காம் டிவிஷனில் 7 ஆட்டங்களில் 31 விக்கெட். 2018 டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 20 லட்சம், போன விலை 8.4 கோடி. 2021 உலகக் கோப்பையில் சோபிக்கவில்லை என்று மூன்று வருடம் ஒதுக்கிவைத்தார்கள். 2025-இல், 33 வயதில், சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்தின் 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

கால்பந்தில் இது நடக்காது என்பீர்கள். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்நாட்டுச் செய்திகளை இன்றும் பார்ப்பேன். அதே 1991-இல் பிறந்த கான்டே, 19 வயது வரை பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளப்பில் ஆடியவர். ஆள் குள்ளம் என்று பெரிய இடங்களில் சேர்க்கவில்லை. 21 வயதில் பிரான்சின் மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தார். 2016-இல் இங்கிலாந்து லீக் பட்டம், 2018-இல் உலகக் கோப்பை.

"லட்சத்தில் ஒருவன்" என்று பதில் வரும். ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் வேலையை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெண்டு பிள்ளை உள்ள வீட்டில் அடுப்பெரிய வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒருவன் எப்படி வந்தான்? நான்காம் டிவிஷன் என்று ஒன்று இருந்தது. 26 வயதுக்காரனும் அதில் பந்து போடலாம். பிரான்சில் மூன்றாம் டிவிஷன் இருந்தது. திறமைக்கு முன்னால் அங்கே ஒரு திறந்த கதவு இருந்தது.

நம் மாவட்டத்தில் அந்தக் கதவு எங்கே? முதலமைச்சர் கோப்பையில் 35 வயது வரை பொதுமக்கள் பிரிவு வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அது வருடத்தில் சில நாள். மற்ற நாட்களில் கல்லூரியை முடித்தவன் எங்கே ஆடுவான்? மாலையில் பள்ளி மைதானங்களின் கேட்டைத் திறந்து வையுங்கள். ஊர் அணிகளுக்கு வருடம் முழுக்க ஒரு லீக் நடத்துங்கள். கோயில் திருவிழாவுக்கு வசூலிக்கிற நமக்கு இரண்டு கோல்போஸ்ட் பெரிய செலவா?

இனி என் கதை. என் அக்கா மகன் கல்லூரி அணியின் கோல்கீப்பர். 20 வயதில்தான் ஆடத் தொடங்கினான். வெளியூர் கிளப் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தபோது, அக்கா என்னிடம் யோசனை கேட்டாள். "வயசு போச்சு, பரீட்சை எழுதட்டும்" என்றேன். "மாமா சொன்னா சரி" என்று பூட்ஸைப் பரணில் போட்டான். இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான், என்னைக் குறை சொன்னதில்லை. அவன் தேறியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே போனதற்குக் காரணம் நான்.

அந்த டீக்கடைத் தகப்பனாருக்கு அந்தப் பாரம் வேண்டாம்.