நட்டத்தைக் காணாத வருமான வரி: விடிவு எப்போது?

சம்பாதித்ததற்கு வரி கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், சம்பாதிக்காத பணத்துக்கும் வரி கேட்டால் எங்கே போவது? கிரிப்டோவில் சிறு சேமிப்பைப் போட்டவர்கள், லாட்டரியில் சிறு பரிசு விழுந்தவர்கள், கடன் வாங்கிக் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் என நாடெங்கும் லட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் இந்தக் கேள்வியோடுதான் ஆடிட்டர் அலுவலகப் படியேறுகிறோம். லாபம் என்றால் உடனே கை நீட்டும் சட்டம், நட்டம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் மேல் 4 விழுக்காடு செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. இதைவிடக் கொடுமை, ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொரு நாணயத்தின் லாபத்தோடு நேர் செய்யவும் முடியாது. பிட்காயினில் ஒரு லட்சம் லாபமும் எதீரியத்தில் ஒரு லட்சம் நட்டமும் கண்ட இளைஞரின் கையில் ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. ஆனாலும் அவர் 31,200 ரூபாய் வரி கட்டியாக வேண்டும். அந்த நட்டத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் வழியில்லை. பங்குச் சந்தையில் ஏற்படும் மூலதன நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று ஈடுகட்டலாம். அங்கே இருக்கும் நியாயம் இங்கே ஏன் இல்லை?

இது போதாதென்று, 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு டிடிஎஸ் பிடிக்கிறார்கள். இது லாபத்தில் பிடிக்கும் தொகை அல்ல; நட்டத்துக்கு விற்றாலும் பிடித்தம் உண்டு. ஒரு லட்சம் ரூபாயை வைத்துப் பத்து முறை வாங்கி விற்றால், விலை ஏறாமல் இறங்காமல் இருந்தாலும், ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் பிடித்தத்திலேயே முடங்கிவிடும். அதைத் திரும்பப் பெறக் கணக்குத் தாக்கல் செய்து, ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும். சம்பளக்காரர்களுக்குப் பழக்கமான எளிய 'சகஜ்' படிவத்தை இவர்கள் பயன்படுத்த முடியாது. நீளமான வேறு படிவம். அதற்குத் தனிக் கட்டணம்.

லாட்டரிப் பரிசின் கதை இதைவிட வேதனை. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை என்றாலும், எல்லை தாண்டிக் கேரளத்தின் வாளையாற்றிலும் ஆரியங்காவிலும் சீட்டு வாங்குவோர் பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகளே. சூதாட்டத்தை வளர்க்கச் சொல்லவில்லை. ஆனால், அரசே அச்சிட்டு விற்கும் சீட்டுக்கு விழும் பரிசில் வரி போடும்போது, ஏழைக்குரிய வரம்பை மட்டும் மறுப்பது எந்த வகை நீதி? வேறு வருமானமே இல்லாத ஒரு சித்தாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் விழுந்தால், 30,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறார்கள். அடிப்படை வரிவிலக்கு வரம்பு அந்தப் பணத்துக்குப் பொருந்தாது. பரிசு விழாத சீட்டுகளுக்குக் கொடுத்த காசையும் கழிக்க முடியாது.

வாடகை வருமானத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகையில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்கென அப்படியே கழித்துக்கொள்ளலாம். 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், 12 லட்சம் வரை வருமான வரி இல்லை. ஆண்டுக்கு 17 லட்சம் ரூபாய் வாடகை வாங்குபவர்கூட, வேறு வருமானம் இல்லையென்றால், ஒரு ரூபாய் வரி கட்ட வேண்டியதில்லை. அந்தச் சலுகையை நாம் குறை கூறவில்லை. அவருக்கு உள்ள வரம்பு சித்தாளுக்கும் வேண்டும் என்கிறோம்.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் நிம்மதியாக இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். மாதம் 15,000 ரூபாய் வாடகை வரும் வீட்டுக்கு ஆண்டு வட்டி 3 லட்சம் கட்டும் குடும்பங்கள் எத்தனையோ. கழிவு போக வாடகை 1,26,000 ரூபாய். மீதி 1,74,000 ரூபாய் நட்டம். பழைய முறையில் இதைச் சம்பளத்தோடு நேர் செய்யலாம். புதிய முறையில் அதற்கும் இடமில்லை. அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் இடமில்லை. இங்கேயும் நட்டம் என்றால் கதவடைப்புதான்.

ஊக வணிகத்தில் மக்கள் சிக்கக் கூடாது என்பதற்காகவே கடுமை காட்டுகிறோம் என்பது அதிகாரத் தரப்பின் வாதம். எச்சரிப்பது வேறு, இல்லாத வருமானத்துக்கு வரி போடுவது வேறு. கடுமை தாங்காமல் வெளிநாட்டுத் தளங்களுக்கும் கணக்கில் வராத கைமாற்றுக்கும் பலர் போய்விட்டார்கள். இதனால் அரசுக்கும் இழப்பு. ஏமாற்றப்பட்டால் முறையிட இடமின்றி மக்களுக்கும் இழப்பு.

நிகர லாபத்தைக் கணக்கிட முடியாது என்றும் சொல்ல முடியாது. ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2023 ஏப்ரல் முதல், போட்ட பணத்தைக் கழித்து, நிகர வெற்றித் தொகைக்கே வரி பிடிக்கும் முறையை ஆட்சியாளர்களே கொண்டு வந்தார்கள். பணம் வைத்து ஆடும் அத்தகைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடையும் செய்தார்கள். தடை செய்யத் தகுந்ததென்று கருதிய விளையாட்டுக்கே நிகரக் கணக்கு பார்த்தவர்களால், கிரிப்டோவுக்கு ஏன் பார்க்க முடியாது?

கிரிப்டோவுக்கென ஒரு மசோதா 2021 குளிர்காலக் கூட்டத்தொடரின் பட்டியலில் இடம்பெற்றது. அது அவையில் அறிமுகமாகவே இல்லை. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்பும் மனுக்கள் போகின்றன. 'பரிசீலிக்கப்படும்' என்ற பதில் வருகிறது. பட்ஜெட் வந்த பின் எதுவும் மாறுவதில்லை. வருமான வரிச் சட்டமே முழுதாகத் திருத்தி எழுதப்பட்டபோது விடிவு பிறக்கும் என்று காத்திருந்தோம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என வகுக்கப்பட்ட அந்தப் புதிய சட்டத்திலும் இந்த அநீதி பிரிவு எண் மாறி அப்படியே குடியேறியிருக்கிறது.

நாம் கேட்பது சலுகை அல்ல, சரியான கணக்கு. கிரிப்டோ நட்டத்தைக் கிரிப்டோ லாபத்தோடு நேர் செய்யவும், எட்டு ஆண்டுகள் எடுத்துச் செல்லவும் அனுமதிக்க வேண்டும். 1 விழுக்காடு பிடித்தத்தை, பரிவர்த்தனையைக் கண்காணிக்கப் போதுமான சிறு அளவுக்குக் குறைக்க வேண்டும். வேறு வருமானம் இல்லாதவரின் சிறு பரிசுக்கும் அடிப்படை விலக்கு வரம்பு பொருந்த வேண்டும். வாடகை வீட்டு வட்டி நட்டத்தைப் புதிய முறையிலும் அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல வழி வேண்டும். சிறு தொகைக்காரர்களுக்கு எளிய படிவமும், காலக்கெடுவுடன் கூடிய ரீஃபண்டும் வேண்டும்.

இவற்றில் எதற்கும் கஜானா காலியாகாது. சட்டத்தில் சில வரிகளைத் திருத்தினால் போதும். திருத்தும் அதிகாரம் ஆட்சியாளர்களிடமே இருக்கிறது. லாபத்தில் பங்கு கேட்கும் அரசு, நட்டத்தையும் கணக்கில் எழுதட்டும். வரப்போகும் பட்ஜெட்டிலேயே அதைச் செய்யட்டும்.