குழந்தையின் முதற் காலணி

கார்த்திகை பிறந்துவிட்டால் டில்லிவாழ் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கு ஆரம்பமாகும். "தரை பனிக்கட்டியாகச் சில்லிடுகிறதே, குழந்தைக்கு ஷூ வாங்கவில்லையா?" என்று அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கேட்பாள். "நடை பழகுகிற குழந்தைக்குக் காலைக் கட்டிப் போடுவார்களா, அம்மா?" என்று கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் பாட்டி கேட்பாள். இருவருக்கும் நடுவே, ஓராண்டு நிரம்பிய செல்வத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதை வாங்குவதென்று தெரியாமல் கரோல்பாக் கடைத்தெருவில் நிற்பாள் இளந்தாய். இம்மாதப் பக்கம் அவளுக்கு உரியது.

பாட்டியின் கட்சியில் பெரும்பகுதி உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொண்டு விடுவோம். இந்த வயதில் பாதத்தின் எலும்புகள் இன்னும் முற்றவில்லை. பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை போல் படிந்திருப்பதால் பாதம் தட்டையாகத் தோன்றும். அதைக் கண்டு தாய்மார்கள் அஞ்ச வேண்டுவதில்லை. வளைவு சில ஆண்டுகளில் தானே அமையும். வெறுங்காலால் தரையைப் பற்றி நடக்கும்போதுதான் விரல்களும் தசைநார்களும் உரம் பெறுகின்றன. மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலணி அணிந்த குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, அணியாதவர்களில் 2.8 பேருக்கே இருந்தது. விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடையே அது அதிகமாகவும், செருப்பு அணிந்தவர்களிடையே குறைவாகவும் காணப்பட்டதாம். பாட்டி இக்கட்டுரையைப் படித்தவளல்லள். எனினும் அவள் பக்கம் சாட்சி இருக்கிறது.

ஆனால் கும்பகோணத்துத் திண்ணை வேறு, டில்லித் தெரு வேறு. ஜனவரிக் குளிரும், மே மாதத்துத் தார் ரோடும், பூங்காவில் கிடக்கும் கண்ணாடித் துண்டும் பாட்டியின் வாதத்துக்கு அடங்குபவை அல்ல. ஆகவே வீட்டுக்குள் வெறுங்கால். குளிருக்கு, அடியில் வழுக்காத ரப்பர்ப் பொட்டு வைத்த காலுறை. வெளியே, குழந்தை பிடிமானமின்றித் தானே நடக்கத் தொடங்கிய பின்னர், காலணி. ஷூ போட்டால்தான் நடை வரும் என்பது விற்பவர் கட்டிய கதை.

நம் வீட்டு அனுபவத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். தீபாவளிக்கு நம் பேரனுக்கு நல்ல ஷூ ஒன்று வாங்கி, 'நாள் கிழமைக்கு ஆகும்' என்று பெட்டியோடு அலமாரியில் வைத்தோம். தை மாதத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு அதை அணிவித்து அழைத்துச் சென்றோம். மண்டப வாசலிலேயே பிள்ளை உட்கார்ந்துவிட்டான். தூக்கி நிறுத்தினால் மீண்டும் உட்கார்ந்தான், அழுதான். வந்தவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில், "என்ன பிடிவாதம்!" என்று அதட்டிக் கையைப் பிடித்து நடத்தினோம். இரவு காலுறையைக் கழற்றிய மருமகள் ஒன்றும் பேசாமல் அவன் பாதத்தை நம் பக்கம் திருப்பிக் காட்டினாள். கட்டை விரல் நுனி கன்றிச் சிவந்திருந்தது. நகம் சதையில் பதிந்திருந்தது. மூன்று மாதத்தில் கால் வளர்ந்துவிட்டது, பெட்டியிலிருந்த ஷூ வளரவில்லை. 'தாத்தா', 'பால்' என்பவற்றுக்கு மேல் சொல் அறியாத பருவம் அவனுக்கு. உட்கார்ந்து காட்டியதுதான் அவன் சொன்ன புகார். அதை அதட்டினோமே என்று இன்றும் உறுத்துகிறது.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே அளந்துகொள்ள வேண்டும். மாலை வேளை நல்லது. பகலெல்லாம் ஓடியாடிய கால் அப்போது சற்றுப் பருத்திருக்கும். சுவரோரம் காகிதம் விரித்து, குதிகால் சுவரில் படும்படி குழந்தையை நிற்கவைத்து, மிக நீண்ட விரல் நுனியில் கோடிடுங்கள். உட்கார்ந்த காலை அளந்தால் அளவு குறைந்துவிடும். இரு கால்களும் ஒத்திரா. பெரிய காலே கணக்கு. அந்நீளத்தோடு ஒரு விரல் அகலம், அதாவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், கூட்டிக்கொண்டு அவ்வளவுக்கு ஒரு காகிதப் பட்டை கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஷூவின் உள்ளே அது மடங்காமல் படுத்தால் நீளம் சரி. 'வளர்கிற பிள்ளை' என்று இரண்டளவு பெரிதாக வாங்குவோரும் உண்டு. அது தடுக்கி விழுவதற்கு நாமே போட்டுக் கொடுக்கும் படி.

கடைக்காரர் ஷூவின் முனையை அழுத்தி, "இடம் இருக்கிறது, பாருங்கள்" என்பார். அழுத்தினால் குழந்தை விரலை மடக்கிக்கொள்ளும். ஆதலால் அச்சோதனை நம்பத்தக்கதன்று. உள் அட்டை கழற்றக்கூடியதாயின் அதை வெளியே எடுத்து, அதன்மேல் குழந்தையை நிற்கச் சொல்லுங்கள். பாதம் பக்கவாட்டில் வழிந்தால் அந்த ஷூ குறுகல். இங்கே நாம் அடிக்கடி ஏமாறுகிறோம். சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தார்கள். ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம்மவர் பாதம் அகலமானது என்று கண்டார்கள். அகலம் போதாதபோது அடுத்த நீளத்துக்குத் தாவுவது நம் வழக்கம். அப்போது முன்னே காலி, பக்கத்தில் இறுக்கம். வேறு வார்ப்பில் செய்ததைக் கேளுங்கள்.

அடிப்பாகம் விரல் மடியும் இடத்தில் இரண்டு விரலால் வளைய வேண்டும், நடுவில் மடங்கலாகாது. குதிகாலைச் சுற்றிய பகுதி சற்று உறுதியாயிருக்கட்டும். ஒட்டுப் பட்டை வைத்தது சௌகரியம். அடி வைக்குந்தோறும் பீப்பீ என்று கத்தும் ஷூவைப் பற்றி மருத்துவக் காரணம் ஒன்றும் சொல்ல மாட்டோம். மாடி வீட்டார் சார்பில் மட்டும் வேண்டிக்கொள்கிறோம்.

வாங்கியபின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சுவரோரக் காகிதத்தை மறுபடி விரியுங்கள். நாள்தோறும் கழற்றும்போது சிவந்த தழும்பு உண்டா என்றும் பாருங்கள். நம் சங்கத்துக் குடும்பங்களில் பட்டுப் பாவாடையும் தொட்டிலும் கைமாறுவது போல் ஷூவும் கைமாறுகிறது. ஒரு குழந்தை தேய்த்த அடி மற்றொரு குழந்தைக்குப் பொருந்தாது. ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்ததை வாங்க வேண்டாம்.

நம் பேரனின் ஷூ ஒரே ஒரு மாலை அணியப்பட்டது, தேயவில்லை. எதிர் வீட்டுச் சிறுமிக்குக் கொடுத்தோம். கொடுக்குமுன் அவளைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்து அளந்தோம்.