பெட்டியைப் பார்க்காதீர்கள், ப்யூஸைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்குவது பெரும்பாலும் ஸ்பீக்கர்தான். ஒரு பெட்டியில் 1,000 வாட்ஸ் என்றும், பக்கத்துப் பெட்டியில் 2,000 வாட்ஸ் என்றும் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம். நாமும் 2,000-ஐத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? காரில் பெரிய ஆம்ப்ளிபயர் வைக்க ஆசைப்படும் நம் பிள்ளைகளின் அனுபவம் இதற்கு நல்ல பதில் தருகிறது.

முகையூரில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு கார் ஆடியோ என்றால் உயிர். பழைய கார் ஒன்றை வாங்கியவன், விழுப்புரம் போய் ஒரு ஆம்ப்ளிபயரும் வாங்கி வந்தான். "சித்தப்பா, 2,000 வாட்ஸ்! அடுத்த வருஷம் போட்டிக்கே போகலாம்" என்றான். "அதுல ப்யூஸ் எத்தனை ஆம்பியர்னு பாருடா" என்றேன். "25 சித்தப்பா" என்றான்.

கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 13.8 வோல்ட். அதை 25 ஆம்பியரால் பெருக்கினால் 345 வாட்ஸ். ஆம்ப்ளிபயர் தொடர்ந்து உள்ளே இழுக்கக்கூடிய மின்சாரமே ஏறத்தாழ இவ்வளவுதான். இதிலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். கிளாஸ் ஏ.பி. வகை என்றால் ஏறக்குறைய பாதிதான் ஸ்பீக்கருக்குப் போகும். கிளாஸ் டி வகை என்றால் 80 சதவீதம் வரை போகலாம். ஆக 170 முதல் 275 வாட்ஸ் வரை என்று வைத்துக்கொள்ளலாம். 2,000 எங்கிருந்து வந்தது? அதுதான் பி.எம்.பி.ஓ. என்னும் மாய எண். அதை அளக்கப் பொதுவான முறை எதுவும் கிடையாது. நாம் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். கார் ஆம்ப்ளிபயர்களுக்கென 2003-ல் அமெரிக்காவில் சி.இ.ஏ.-2006 என்ற அளவுமுறை வந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் போகாத சிதைவு என்ற நிபந்தனைகளில் அளந்த வாட்ஸை மட்டும்தான் அந்த முறையில் போடலாம்.

இன்னொரு உண்மையையும் மனதில் வையுங்கள். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் தேவை. எனவே எண்ணுக்காகப் பணத்தைக் கொட்டுவது வீண்.

மறுபடி முகையூருக்கு வருவோம். ஆம்ப்ளிபயரில் ப்யூஸ் இருக்கிறதே என்று, பேட்டரியிலிருந்து நேராகப் பின்பக்கம் வரை ஒயரை இழுத்துவிட்டான் பையன். இன்ஜின் பகுதியிலிருந்து உள்ளே வரும் இடத்தில், தகரத்தில் போட்ட ஓட்டை ஒயரை உரசி உரசி மேல்தோலை அறுத்துவிட்டது. ஒருநாள் ஷார்ட் ஆகி டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. ஆம்ப்ளிபயரின் ப்யூஸ் போகவே இல்லை. எப்படிப் போகும்? ஷார்ட் ஆனது அதற்கு முன்னால் அல்லவா! பேட்டரி ஒயரை உடனே கழற்றியதால் கார் தப்பியது.

இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஆம்ப்ளிபயரில் இருக்கும் ப்யூஸ் அந்த ஆம்ப்ளிபயருக்கு. ஒயரைக் காப்பாற்றத் தனியாக ஒரு ப்யூஸ், பேட்டரிக்கு அருகிலேயே வேண்டும். 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நல்ல மெக்கானிக்குகள் கடைப்பிடிக்கும் கணக்கு. அதன் ஆம்பியர், ஒயர் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. 25 ஆம்பியர் ஆம்ப்ளிபயருக்கு 8 கேஜ், அதாவது சுமார் 8 சதுர மி.மீ. சுத்தச் செம்பு ஒயரும், 30 ஆம்பியர் ப்யூஸும் போதும். விலை மலிவாகக் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினிய ஒயர் என்றால் இன்னும் தடிமன் வேண்டும். தகர ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட மறக்காதீர்கள்.

போட்டி என்றால் சத்தம் மட்டும்தான் என்று பையன் நினைத்திருந்தான். சத்தத்தை மட்டும் அளக்கும் போட்டிகளும் உண்டுதான். ஆனால் அமெரிக்காவின் ஐயாஸ்கா, ஐரோப்பாவின் எம்மா போன்ற அமைப்புகளின் ஒலித்தரப் போட்டிகளில் பாட்டு எவ்வளவு இயல்பாக, தெளிவாகக் கேட்கிறது என்றுதான் நடுவர்கள் பார்க்கிறார்கள். ஒயரிங் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது என்பதும் கவனிக்கப்படும். எம்மா விதிமுறைப்படி இந்தியாவிலும் போட்டிகள் நடந்திருக்கின்றன. அங்கே ப்யூஸ் இல்லாத 2,000 வாட்ஸை விட, ஒழுங்காக மாட்டிய 100 வாட்ஸுக்கே மதிப்பு அதிகம்.

இனி உங்கள் கம்ப்யூட்டர் மேஜைக்கு வாருங்கள். யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டில் செருகும் ஸ்பீக்கரா? 5 வோல்ட், அரை ஆம்பியர். மொத்தமே 2.5 வாட்ஸ்தான். அடாப்டரில் 9 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால் 9 வாட்ஸ். பெட்டியில் 1,000 என்று போட்டிருந்தாலும் அந்த 9-க்கு மேல் தொடர்ந்து வராது. சிறிய அறைக்கு அதுவே தாராளம். கடையில் பெட்டியைத் திருப்பி, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். நாம் கேட்கத் தொடங்கினால்தான் மாய எண்கள் மறையும்.

கடைசியாக ஒன்று. வீட்டு மெயினிலோ, யூ.பி.எஸ்.ஸிலோ, ஸ்பைக் பஸ்டரிலோ ப்யூஸ் போனால், கையில் கிடைத்த செம்புக் கம்பியைச் சுற்றிச் சமாளிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ப்யூஸ் போவது கோளாறு அல்ல. எங்கோ கோளாறு இருக்கிறது என்ற எச்சரிக்கை. காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதே ஆம்பியர் ப்யூஸை மாட்டுங்கள். சில ரூபாய் ப்யூஸ் எரியட்டும். கம்ப்யூட்டரும் வீடும் எரிய வேண்டாம்.